வேனில் உப்பளத்தில் பறவைக் குடும்பம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை அணுகுகையில் வெண்ணிற உப்புக் குவியல்களைக் காண்பர். கத்திரி வெயில் காயும் நாளில் அவ்வெளியை நோக்குவோர்க்கு, இங்கு உயிரினம் ஏதும் தங்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், மாணவ நண்பர்களே, அவ்வெயிற்காலத்தையே தேர்ந்து உப்பளங்களில் முட்டையிடும் பறவைகள் சில உண்டு.

மரக்காணத்துப் பறவைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மழைக்காலத்தையும் பனிக்காலத்தையுமே கூறுவர். அருகிலுள்ள கழுவெளிக்கு வடநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் அப்பொழுதுதான் வருகின்றன. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அவ்வீரநிலம் 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பங்குனி கழிந்தால் விருந்தினர் சென்றுவிடுவர். நீரும் வற்றத் தொடங்கும். உப்பளத்திற்கோ அதுவே விளைச்சற் காலம்.

கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்பு உண்டு. உவர்நீரைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ச்சுவர். உப்பு 25 பங்கை எட்டும் அளவில் பாத்தியில் படிகம் விளையும். இடைப்பட்ட பாத்திகளில் மீன்கள் வாழ்தல் அரிது. ஆனால் உவர்நீர்ச் சிற்றுயிர்களும் ஈக்களின் புழுக்களும் பெருகும். நெடுங்கால் உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் அவையே உணவு. உப்புக்கொத்தி, பெயருக்கு மாறாக, உப்பைக் கொத்துவதில்லை! தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் உப்புக்கொத்தி வகையொன்றை, ஐரோப்பியப் பறவையின் உட்பிரிவென்றே நெடுங்காலம் கருதினர். அது தனி இனமென 2023-இல் ஆய்வாளர் காட்டி, அதற்கு அனுமனின் பெயரைச் சூட்டினர்.

இவையும் ஆள்காட்டியும் சிறிய ஆலாவும் வெறுந்தரையிலோ வரப்பிலோ முட்டையிடும். மண்ணிறமும் புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா. கூடென்று சொல்லத்தக்கதும் பெரிதாக ஏதுமில்லை. சிறு குழியும் சில சிப்பித் துண்டுகளுமே.

பறவை முட்டையின்மீது அமர்வது சூடு தருவதற்கே என்று நாம் படித்திருக்கிறோம். இங்கு நண்பகலில் நடப்பது அதற்கு நேர்மாறு. வெப்பம் 40 டிகிரி செண்டிகிரேடைக் கடந்து நீடித்தால் முட்டையினுள் கரு அழிந்துபோகும். வெறுந்தரையோ காற்றைவிட மிகுதியாகச் சுடும். எனவே தாய் முட்டையின்மீது நின்று நிழல் தருகிறது. இடையிடையே அருகிலுள்ள நீருக்குச் சென்று வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு விரைந்து திரும்பி, அவ்வீரத்தால் முட்டையைக் குளிர்விக்கிறது. நெடுங்கால் உள்ளானில் ஆணும் பெண்ணும் மாறிமாறி இக்காவலை மேற்கொள்ளும்.

ஆகவே, உப்பளத்தைக் காணச் செல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பறவை தலைக்குமேல் வட்டமிட்டு ஓயாது கத்துமாயின், முட்டையோ குஞ்சோ அருகில் உள்ளது என்று கொள்க. மேலும் தேடாது, வந்த வழியே கவனமாகத் திரும்புக. நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது.

மற்றோர் இடர் வானிலிருந்து வருவது. உழவர் மகிழ்ந்து வரவேற்கும் கோடை மழை இங்கு எவர்க்கும் உவப்பன்று. ஒருநாட் பெருமழையில் பாத்தியில் விளைந்த உப்பு கரையும். தொழிலாளியின் பல நாள் உழைப்பும் கூலியும் அதனோடு போகும். தாழ்ந்த வரப்பிலுள்ள முட்டைகளும் மூழ்கும். முட்டை இழந்த இணை பெரும்பாலும் மீண்டும் முட்டையிட முயலும். ஆனால் வேனில் அதற்காகக் காத்திராது.

நெடுங்கால் உள்ளானின் முட்டை பொரிய ஏறத்தாழ 25 நாட்களாகும். குஞ்சு பொரிந்த ஒரு நாளைக்குள் எழுந்து நடந்து தானே இரை தேடும். பறப்பதற்கு மேலும் ஒரு திங்கள் வேண்டும். சித்திரைக் கடைசியில் இட்ட முட்டை தப்பிப் பிழைத்தால், ஆனி முடியும் தறுவாயில் அக்குஞ்சு உப்பளத்தின்மேல் பறந்து செல்வதைக் காணலாம். கீழே உப்பு வாரும் வேலை அப்பொழுதும் நடந்துகொண்டிருக்கும்.