பட்டாசு ஊர்ப் பசங்களுக்கு மிலிட்டரிக்காரர் என்ன சொல்லித் தரலாம்?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முதல் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். சுமார் 40 பேர் பலி.

எப்போது ஓடிப் போகக்கூடாது என்பதை இந்த ஊர்ப் பசங்களுக்கு யார் பழக்கிவிடுவது? பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருக்கலாம்: பென்ஷன் வாங்கும் மிலிட்டரிக்காரர். சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் 40 வயதை ஒட்டி ஓய்வு பெற்றுவிடுகிறார். அப்புறம் பலருக்குக் கிடைப்பது செக்யூரிட்டி வேலைதான். முதலுதவி, கூட்டத்தை ஒதுக்குவது என்று கற்றதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

2024-ல் என்சிசியில் 3 லட்சம் மாணவர் இடங்களைக் கூட்ட ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. முன்னாள் படைவீரர்களைப் பயிற்றுநர்களாக எடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. அது சம்பள வேலை. தன்னார்வலராக வர நினைப்பவருக்குச் சாரணர் இயக்கம் இருக்கிறது. 1907-ல் அதன் முதல் முகாமை நடத்திய பேடன் பவலும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிதான்.

ஒரு சிக்கல். பரேடு மைதானக் குரலில் அதட்டினால் எட்டாம் வகுப்புப் பையன் மறுநாள் வரமாட்டான். அதை விட்டுவிட்டுப் பேசத் தெரிந்தவர்தான் வேண்டும். யாராக இருந்தாலும், பிள்ளைகளோடு பழகும் முன் போலீஸ் சரிபார்ப்பும் அவசியம்.

ஆள் தேடும் பள்ளிகள், விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்கலாம்.