ஓய்வுநேரக் கைவேலை எனும் பெயர்: குரோஷே ஆடைகளும் கணக்கில் வாராத பெண் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆடை சார்ந்த கைவேலைகளுள் குரோஷே பின்னல் தனித்தன்மை உடையது. ஆடைத் தொழில் பெரும்பாலும் எந்திரமயமான பின்னரும் இப்பின்னல் கையாலேயே செய்யப்பட்டு வருகிறது. ஆயினும் இதற்குச் செலவாகும் உழைப்பு நேரம் விலையில் முறையாக இடம்பெறுவதில்லை. இதற்கான காரணத்தை அப்பின்னலின் தொழில்நுட்ப இயல்பு, அயர்லாந்திலும் ஆந்திர மாநிலத்து நர்சாப்பூரிலும் அது தொழிலாக வளர்ந்த வரலாறு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: குரோஷே, லேஸ், வீட்டுவழி உழைப்பு, நர்சாப்பூர், மரியா மீஸ், கூலி.

முன்னுரை

பழைய பட்டுப்புடவையைப் பாவாடையாக மாற்றித் தைத்தல், நூலால் மேலாடை பின்னுதல், காகிதத்தால் அணிவேலை செய்தல் முதலியன யாவும் இன்று ‘பொழுதுபோக்குக் கைவேலை’ என்னும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் தையலுக்குத் தையல் எந்திரமும், காகிதம் வெட்டுதற்கு வெட்டும் எந்திரமும் துணை நிற்கின்றன. குரோஷேக்கு அத்தகைய துணை இல்லை. எனவே, ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல் உழைப்பின் மதிப்பை எவ்வாறு மறைக்கிறது என்பதை அறிதற்கு இப்பின்னலே தக்க சான்றாக அமைகிறது.

குரோஷேயின் தொழில்நுட்ப இயல்பு

‘குரோஷே’ என்பது சிறு கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நுனியில் கொக்கி கொண்ட ஓர் ஊசியும் நூலும் இருந்தாலே போதும். நூலைக் கண்ணியாக வளைத்து, அதனுள் கொக்கியைச் செலுத்தி, நூலை இழுத்து அடுத்த கண்ணியை உருவாக்குவதே இதன் அடிப்படை. இவ்வாறு தொடர்ந்து அமைவது சங்கிலிப் பின்னல்.

ஸ்வெட்டர் பின்னுவதில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் திறந்தே நிற்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி என வரிசையாக நிறுத்திவிட்டால் அச்செயலை எந்திரத்தால் செய்துவிட இயலும். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் 1589இல் காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கியது இவ்வடிப்படையிலேயே ஆகும். குரோஷேயிலோ ஒரு கண்ணி முழுமையுற்ற பின்னரே அடுத்தது தொடங்கும். மேலும், கொக்கி ஏற்கெனவே பின்னப்பட்ட பகுதியின் எந்தத் துளையிலும், எந்தத் திசையிலிருந்தும் நுழையக்கூடும். நுழைய வேண்டிய இடத்தைக் கண்ணும் விரலும் இணைந்து ஒவ்வொரு முறையும் தேர்கின்றன.

இக்காரணத்தால் ஆய்வுக்கூட அளவில் முயற்சிகள் நடைபெற்றபோதிலும், இப்பின்னலை முழுமையாகச் செய்யும் எந்திரம் ஆடைத் தொழிலில் பரவலான வழக்கிற்கு வரவில்லை. ஆலைகளில் ‘குரோஷே எந்திரம்’ என வழங்கப்படுவது பாவுநூல் கொண்டு பின்னும் வேறொரு வகை எந்திரமே. ஆகவே, கடையில் விற்கப்படும் உண்மையான குரோஷே மேலாடை எத்துணை மலிவாக இருப்பினும், அதனை யாரோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார் என்பது உறுதி. விலை குறைவாக இருப்பதற்கு எந்திரத்தின் வேகம் காரணமாக இருக்க இயலாது. கூலியின் குறைவே காரணமாதல் வேண்டும்.

அயர்லாந்து: பஞ்சம் வளர்த்த தொழில்

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்ததால் பெரும்பஞ்சம் தோன்றியது. ஏறத்தாழப் 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டு வெளியேறினர். அக்காலத்தில் கன்னியர் மடங்களும் மதகுருமாரின் குடும்பத்தினரும் குரோஷே லேஸைத் துயர் துடைக்கும் வழியாக அறிமுகப்படுத்தினர். மோனகன் மாவட்டத்துக் கிளோன்ஸ் நகரில் மதகுருவின் மனைவியாகிய கசாண்ட்ரா ஹேண்ட் 1847 முதல் இதனைப் பரப்பினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸின் தோற்றத்தை, அதனினும் விரைவாகவும் குறைந்த செலவிலும் தந்தமையால் இது சந்தையில் ஏற்கப்பட்டது.

இத்தொழிலின் வேலைப்பகுப்பு குறிப்பிடத்தக்கது. ரோசாப்பூ, மூவிலைக் கொடி முதலிய உருக்களைத் தனித்தனியே பின்னி, துணிப்படிவத்தின்மேல் அடுக்கி, இடைவெளிகளை வலைப்பின்னலால் நிரப்புவர். ஒரு வீட்டார் ஓர் உருவிலேயே தேர்ச்சி பெறுவதும் உண்டு. வறுமையுற்ற குடும்பங்களுக்கு இது உணவளித்தது என்பது உண்மை. ஆனால், முழு ஆடையைக் காணாமலும் அதன் விலையை அறியாமலும் பலர் உழைக்கும் அமைப்பும் இதனுடன் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வ மகளிரின் மேலாடைகளில் இந்த லேஸ் விரும்பி அணியப்பட்டது.

நர்சாப்பூர்: ‘இல்லத்தரசி’ என்னும் அடையாளம்

கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நர்சாப்பூர்ப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் வழியாக லேஸ் பின்னல் பரவியது. தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவப் பெண்கள் இதனைக் கற்றனர். பின்னர், காப்பு முதலிய வேளாண் சாதிப் பெண்களிடையே இது வேரூன்றியது. செருமானிய சமூகவியலாளர் மரியா மீஸ் இப்பகுதியில் கள ஆய்வு செய்து, ‘நர்சாப்பூர் லேஸ் தொழிலாளர்கள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1982இல் வெளியிட்டார்.

அவர் கண்டவற்றுள் மூன்று செய்திகள் இங்கு இன்றியமையாதவை. முதலாவது, பூக்களைப் பின்னுவோர் ஒருவர், இணைப்போர் வேறொருவர் என வேலை கூறுபட்டிருந்தது. நூலைத் தருவதும் பின்னியதைப் பெறுவதும் முகவர் வழியே நடைபெற்றன. இரண்டாவது, பின்னுவோர் பெண்களாகவும் வணிகர் ஆண்களாகவும் இருந்தனர். மூன்றாவது, நாள்தோறும் பல மணிநேரம் உழைத்தும் அப்பெண்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. ஓய்வுநேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசியராகவே கருதப்பட்டனர். இவ்வகைக் கருத்தாக்கத்தையே மீஸ் ‘இல்லத்தரசியாக்கம்’ என்றார்.

இதில் சாதிக்கும் பங்குண்டு. வீட்டை விட்டு வெளியேறாமை குடும்ப மதிப்பாகக் கருதப்பட்டதால், வயல்வேலையை விடக் குறைந்த கூலி தரும் பின்னல் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், தாழ்ந்த நிலையினராகக் கருதப்பட்டபோதிலும், நாள் ஒன்றுக்குக் கூடுதலாக ஈட்டினர். மதிப்பு என்று தரப்பட்டது கூலியிலிருந்து கழிக்கப்பட்டது எனலாம்.

நாகர்கோவிலுடன் ஓர் ஒப்பீடு

லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது கொக்கியால் செய்யப்படுவதன்று. திண்டின்மேல் வைத்து, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. பள்ளியுடன் இணைந்த அத்தொழிலில் ஈட்டிய பணத்தால் அடிமைநிலையிலிருந்து விடுபட்ட பெண்களும் உண்டு என மிஷன் வரலாறு கூறுகிறது. கைவேலை இயல்பாகவே சுரண்டலுக்கு உரியதன்று என்பதும், வருவாய் யார் கையைச் சேர்கிறது என்பதே அதன் பயனை முடிவு செய்கிறது என்பதும் இவ்வொப்பீட்டால் புலனாகின்றன.

விலையும் நேரமும்

இன்று வீட்டிலிருந்தே பின்னி விற்கும் பெண்கள் பலர் நூலின் விலையோடு சிறு தொகையைச் சேர்த்து ஆடைக்கு விலை குறிக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு பூச்சதுரம் பின்ன 20 நிமிடமும், ஒரு மேலாடைக்கு 60 சதுரங்களும் தேவை எனக் கொள்வோம். பின்னுதற்கு மட்டும் 20 மணிநேரம் ஆகும்; இணைத்தலுக்கும் ஓரப்பின்னலுக்கும் மேலும் 5 மணிநேரம். 1,200 ரூபாய்க்கு விற்று, நூலுக்கு 450 ரூபாய் கழித்தால் எஞ்சுவது 750 ரூபாய். அதாவது, மணிக்கு 30 ரூபாய். 8 மணிநேர நாளுக்கு 240 ரூபாய். நேரத்தைக் குறித்து வைத்தாலன்றி இக்கணக்கு வெளிப்படாது. ‘சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது’ என்னும் தொடர் அந்நேரத்தைச் சுழியாக்கிவிடுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கை, ஊதியத்திற்காக வீட்டிலிருந்து பணிசெய்வோரைத் தொழிலாளராக ஏற்று, ஊதியம் உள்ளிட்டவற்றில் ஏனைய தொழிலாளர்க்கு நிகராக நடத்தப்பெற வேண்டும் என்கிறது. இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை.

முடிவுரை

குரோஷே கையாலன்றி உருவாகாது என்பதே அதன் உழைப்பின் மதிப்பை உயர்த்தியிருத்தல் வேண்டும். ஆனால், வேலைப்பகுப்பும், முகவர் முறையும், ‘ஓய்வுநேரம்’ என்னும் பெயரும் இணைந்து அம்மதிப்பைப் பின்னுவோரிடமிருந்து பிரித்தன. எனவே, கைவேலை ஆடைகளைக் கலையழகு, மரபு என்னும் நோக்கில் ஆராய்வோர், ஒவ்வோர் ஆடைக்கும் செலவான நேரத்தையும் பெற்ற கூலியையும் களத்தில் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவுகள் திரளும்போதே வீட்டுவழி உழைப்பு ஆய்வுலகில் தொழிலாக இடம்பெறும்.