முட்டையிடாத கோழியும் அதன் பராமரிப்பும்

குடியானவர் வீட்டுப் பெண்டிரின் கைச்செலவுக்கு உதவும் சிறு வருமானங்களுள் கோழி முட்டை முக்கியமானது. ஆதலால், ஒழுங்காக முட்டையிட்டு வந்த பெட்டைக்கோழி ஒன்று திடீரென்று நிறுத்திவிட்டால் வீட்டார் கவலையுறுவது இயல்பே. அந்நிலையில் பெரும்பாலோர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கின்றனர். தானே தேறிவிடும் என்று அதனை மற்றக் கோழிகளுடனேயே விட்டுவைப்பது ஒன்று. உயிருடன் இருக்கும்போதே காசாக்கிக்கொள்ளலாம் என்று சந்தைக்கு அனுப்பிவிடுவது மற்றொன்று. கோழிக்கு வியாதி கண்டிருக்குமாயின் இவ்விரண்டும் பெருந்தவறாகும். முன்னதால் வீட்டுக் கோழிகளும், பின்னதால் சுற்றுப்புறக் கிராமங்களின் கோழிகளும் அழிய நேரிடும்.

வியாதியல்லாத காரணங்கள்

முட்டையிடாத கோழியெல்லாம் வியாதியுற்ற கோழியன்று. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் ஏறத்தாழ 12 முதல் 15 முட்டைகள் இட்டபின் அடைக்கு உட்காரும். அடைக்கோழி கூட்டை விட்டு இறங்காது. இறகைச் சிலிர்த்து, அணுகுவோரைக் கொத்தவரும். அடை வைக்க விருப்பமில்லையாயின், காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் அடை தெளியும். நீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் கோழியை வருத்துமேயன்றி நன்மை தரா.

ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் முட்டை நின்றுபோவதும் உண்டு. ஓடு நீக்கிய முட்டையில் முக்காற்பங்கு தண்ணீரேயாதலால், கோடையில் ஒரு நாள் தண்ணீர் கிடைக்காவிடினும் முட்டை குறையும். முட்டையோடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. ஆகையால் தவிட்டையும் தானியத்தையும் மட்டும் தின்னும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தல் வேண்டும். புரதச் சத்துக்குக் கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சிறிதளவு சேர்க்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும், அதனைக் கொடுக்கலாகாது.

வியாதியை அறியும் விதம்

வியாதியுற்ற கோழி கூட்டத்தினின்று ஒதுங்கி, இறகைப் பொதித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும். கொண்டை வெளுத்தோ கறுத்தோ காணப்படும். அதனைக் கையிலெடுத்து நான்கு இடங்களைச் சோதிக்க வேண்டும். மார்பெலும்பு கத்தி முனைபோல் கைக்குப் பட்டால் அது பல நாளாக மெலிந்து வருகிறது. முதல் நாள் இரவு தின்ற தீனி காலையிலும் தீனிப்பையில் தங்கியிருந்தால் செரிமானம் கெட்டிருக்கிறது. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகில் எச்சம் ஒட்டியிருந்தால் கழிச்சல் கண்டிருக்கிறது. இறக்கையின் அடியில் இறகை விலக்கிப் பார்த்தால் பேன் தெரியும். சிவப்புச் செள்ளோ பகலில் கூட்டின் இடுக்குகளில் மறைந்திருந்து இரவில் இரத்தத்தை உறிஞ்சுவது. ஆகையால் இரவில் விளக்குடன் சென்று கூட்டையும் சோதித்தல் அவசியம்.

முதற் சிகிச்சை

முதற் சிகிச்சை மருந்தன்று, தனிமையே. சந்தேகம் தோன்றிய அன்றே அக்கோழியை மற்றவை அண்டாத, மழையும் குளிர்காற்றும் படாத இடத்தில், உலர்ந்த வைக்கோலின்மீது பஞ்சாரத்தால் கவிழ்த்து வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்ச் சட்டியும் தனியே இருத்தல் வேண்டும். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பின்னரே நோய்க்கோழியைக் கவனித்து, உடனே கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். சோறு, கேழ்வரகுக் களி முதலிய மென்மையான ஆகாரத்தை அடிக்கடி சிறிது சிறிதாக வைக்கலாம். வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிரைப் போக்கிவிடக்கூடும்.

முட்டை உள்ளேயே தங்கிவிட்ட கோழி, வாலைத் தாழ்த்தி, அடிக்கடி முக்கும். வெதுவெதுப்பான நீரில் வயிற்றுப்புறம் நனையுமாறு 15 நிமிஷம் நிறுத்தி, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருண்ட இடத்தில் விட்டால் பல சமயம் முட்டை வெளிவரும். முட்டையை உள்ளே உடைத்து எடுக்க முயல்வது ஆபத்து. சில மணி நேரத்தில் குணம் காணாவிடில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

செள்ளு கண்ட கூட்டைக் கழுவி உலர்த்தி, இடுக்குகளில் சுண்ணாம்பு பூச வேண்டும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கோழியின்மேல் பூசுதல் கூடாது. அந்நஞ்சு கோழியையும் கொல்லும், முட்டையிலும் சேரும். குடற்புழு மருந்தையும் மற்ற மருந்துகளையும் மருத்துவர் சொற்படி கொடுத்து, அவர் குறிக்கும் நாள்வரை அக்கோழியின் முட்டையை உண்ணாதிருத்தல் வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல்

பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவிடல், கழுத்துத் திருகல், கால் இறக்கை விழுதல் ஆகியவை வெள்ளைக் கழிச்சல் நோயின் குறிகள். 1927-ஆம் ஆண்டில் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் இதற்கு ராணிக்கேத்து நோய் என்றும் பெயர் வழங்குகிறது. நோய் வந்தபின் இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்தொன்றே காப்பு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசியும் போடப்படுகின்றன. ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டுப் பக்கத்து வீட்டை விட்டுவிட்டால் நோய் ஊரைவிட்டு நீங்காது. கோழிகள் வேலி பார்த்து மேய்வனவல்ல.

கிராம அதிகாரிகளின் கடமை

ஓரிரு நாளில் பல கோழிகள் மாண்டால் கிராம அதிகாரிகள் தாமதியாது கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் வெளிப்பட்ட பறவைக் காய்ச்சலும் கோழிகள் கூட்டமாக மாளும் வியாதியே. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஆதலால் இத்தகைய சமயத்தில் செத்த கோழியை வெறுங்கையால் தொடுவதும், சமைப்பதும், குளத்திலோ வாய்க்காலிலோ எறிவதும் கூடாது. மருந்தகத்தார் கூறும் முறைப்படி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பித்தல் வேண்டும்.

புதிதாக வாங்கிய கோழியையும், சந்தையில் விலைபோகாது திரும்பிய கோழியையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து பின்னரே கூட்டத்தில் சேர்ப்பது நலம். நோய்க்கோழியைச் சந்தையில் விற்று வரும் காசு சொற்பம். அக்கோழி வாங்கியவர் வீட்டிலும், அவ்வூர்க் கூடுகளிலும் விளைவிக்கும் நஷ்டமோ அதைப் போல் பன்மடங்காகும். அந்நஷ்டம் பெரும்பாலும் நிலமில்லாது கோழியையே நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்களின் தலையில் விழுகிறது. ஒரு பஞ்சாரமும் சில நாள் கவனமும் இருந்தால் அதனைத் தடுத்துவிடலாம்.