முகவரியின் விகுதி

நமது மலருக்கு விளம்பரம் அளித்து ஆதரவு நல்கும் அன்பர்கள் பலர், தொலைபேசி எண்ணுக்குக் கீழே இணையத்தள முகவரியையும் அச்சிடச் சொல்கின்றனர். விளம்பரப் பகுதியைக் கவனித்து வருபவன் என்பதால், அம்முகவரியின் கடைசிச் சொல் எதுவாக இருக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கல்யாணச் சமையல், பந்தல் அலங்காரம், லோரி போக்குவரத்து, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு எனச் சேவைத் தொழில் நடத்தும் ஸ்கூடாய் அன்பர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று படித்திருக்கிறோம். நடந்தான், நடந்தாள் என்பவற்றில் நடந்தவர் ஆணா பெண்ணா என்பதை விகுதிதான் சொல்கிறது. இணைய முகவரியின் ஈற்றுச் சொல்லும் அத்தகையதே. 1985-இல் டாட் காம் முதலிய ஒருசில விகுதிகளே இருந்தன. மலேசியாவுக்குரிய டாட் எம்ஒய் 1987-இல் கிடைத்தது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2012-இல் புதிய விகுதிகளுக்கு விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. அதன் பயனாக 2014 முதல் கேட்டரிங், பிளம்பிங், ரிப்பேர் என்று தொழிலையே சொல்லும் விகுதிகள் விற்பனைக்கு வந்தன.

இவற்றால் நன்மை இல்லாமல் இல்லை. நம்மவர்கள் தொழிலுக்குத் தெய்வத் திருநாமங்களையே சூட்டுகிறோம். டாட் காமில் அப்பெயர்களை யாராவது எப்போதோ எடுத்திருப்பார்கள். டாட் கேட்டரிங்கில் இன்னும் கிடைக்கலாம். ஆனால் தொலைபேசியில் முகவரியைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் பழக்கத்தில் கடைசியில் ஒரு காம் சேர்த்துக்கொள்வார். வேறு எங்கோ போய் நிற்பார். புதிய விகுதி இருந்தால் தேடலில் முன்னே வரலாம் என்று விற்பவர்கள் சொல்வதும் சரியல்ல. அப்படி எந்தச் சலுகையும் இல்லை என்று கூகுள் 2015-இலேயே விளக்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விகுதியை நடத்துவதும் ஒரு நிறுவனமே. திருமணத் தம்பதியருக்கென்று வந்த டாட் வெட் விகுதியை நடத்திய நிறுவனம் 2017-இல் தடுமாறியதால், ஐகான் அதனை அவசர நிர்வாகியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அதே ஆண்டில் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் வசமிருந்த சில விகுதிகளின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியது. லோரியின் பக்கவாட்டிலும் அழைப்பிதழிலும் பெயரட்டையிலும் எழுதிவிட்ட முகவரியை அதன்பின் மாற்றுவது எளிதா?

ஆகவே ஸ்கூடாய்த் தொழிலுக்கு டாட் காம் டாட் எம்ஒய் என்பதையே நான் முதலில் சொல்வேன். மைநிக் நிர்வகிக்கும் இவ்விகுதியைப் பெற வணிகப் பதிவுச் சான்று வேண்டும். அந்தச் சிறு தொல்லைதான் இதன் மதிப்பும். முன்பணம் கட்டப்போகும் பெண் வீட்டார், இது பதிவு பெற்ற தொழில் என்று ஓரளவு நம்பலாம். சுருக்கமாக வேண்டுமானால் 2008 முதல் டாட் எம்ஒய் நேரடியாகவே கிடைக்கிறது. நம் ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகவரியும் யுடிஎம் டாட் எம்ஒய்தான். இரண்டாவது பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரிலும் வாடிக்கையாளர் உள்ளவர்கள், கிடைத்தால் டாட் காமையும் வாங்கி இதனுடன் இணைத்துவிடலாம். தொழில் விகுதியில் ஆசை இருந்தால் அதையும் அவ்வாறே துணையாக வைத்துக்கொள்ளலாம்.

(சிங்கப்பூர், இலங்கை, இந்தியா ஆகிய மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே விகுதி உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை.)

வாங்கும் முன் முதலாண்டு விலையைப் பார்த்து மகிழாமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எத்தனை ரிங்கிட் என்று கேளுங்கள். தளம் அமைத்துத் தரும் தம்பி எவ்வளவு நல்லவராயினும், பெயரை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலுடன் பதியச் சொல்லுங்கள். தவணை முடியும் அறிவிப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.