ஆயிரத்தில் ஒரு நொடியில் உறையும் இரும்பு

இரும்புத் தகடு செய்யும் வழக்கமான வழி நீண்டது. உருக்கி, தடித்த பாளமாக வார்த்து, சூடேற்றி, உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப நசுக்க வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலைனாவில் உள்ள கான்வே ஆலையில் உருக்கிய பிறகு வரும் இந்தப் படிகள் எதுவும் கிடையாது. இரும்பும் போரானும் சிலிக்கானும் கலந்த குழம்பு, நீரால் குளிர்விக்கப்பட்டுச் சுழலும் செம்புக் கலவைச் சக்கரத்தின் மேல் விழுகிறது. விழுந்த கணமே நாடாவாகச் சீறி வெளியேறுகிறது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு.

அவ்வளவு மெல்லிசாக இருந்தே ஆக வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் வெப்பம் சக்கரத்துக்குள் இறங்கினால்தான், அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாவதற்குள் உலோகம் உறையும். தடிமன் கூடினால் உட்புறம் ஆறத் தாமதமாகும், படிகம் முளைத்துவிடும். படிகமில்லாத இந்த உலோகத்துக்கு உலோகக் கண்ணாடி என்று பெயர்.

1960-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேஸ் குழுவினர் தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகலில் இதை முதன்முதலாகக் காட்டியபோது கிடைத்தது சின்னஞ்சிறு செதில்தான். பிறகு வந்தவர்கள் உருகலைச் சக்கரத்தின் மேல் தாரையாகப் பாய்ச்சினார்கள். சில மில்லிமீட்டர் அகல நாடாவே வந்தது. அகலமாக்கினால் குழம்பு நிலைகொள்ளாது. அலைட் கெமிக்கல் நிறுவனத்தின் எம்.சி. நரசிம்மன் 1979-இல் காப்புரிமை பெற்ற முறை இதைத் தீர்த்தது. நீளப் பிளவு கொண்ட குழாய்முனையைச் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்த இடுக்கில் குழம்பு சிறைப்பட்டு அசையாமல் நின்றது. இன்று 213 மில்லிமீட்டர் அகலத்தில் நாடா வருகிறது. இந்தத் துறையின் ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன்.

பலன் டிரான்ஸ்ஃபார்மரில் தெரிகிறது. ஊரே விளக்கணைத்துத் தூங்கும்போதும் அதன் இரும்பு உள்ளகம் நொடிக்கு 50 சுற்று காந்தமேறி இறங்கி மின்சாரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். சிலிக்கான் எஃகுக்குப் பதில் இந்த நாடாவைச் சுற்றினால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. எஃகு அளவுக்குக் காந்தம் ஏறாததால் உள்ளகம் பெரிதாகும். பதப்படுத்திய பின் நாடா நொறுங்கும், கையாள்வது சிரமம். விலையும் கூடுதல். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது ஒருநாள் செலவு, இழப்போ அது உயிரோடிருக்கும் ஆண்டுகள் முழுவதற்குமானது. மின்வாரியங்கள் டெண்டரைத் திறக்கும்போது விலையோடு அந்த இழப்பையும் கூட்டிப் பார்க்கட்டும்.