கலந்து வாழ ஒரு கணக்கு

வெளி மாநிலத்தில் வாடகை வீடு தேடியவர்களுக்கு, "எந்த ஊர்? என்ன சாதி? மாமிசம் உண்டா?" என்ற கேள்விகள் புதியவை அல்ல. தெருக்கள் இப்படிப் பிரிந்துவிட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் விளையாட்டும் நட்பும்கூடப் பிரிந்துவிடுகின்றன. சட்டத்தால் இதை மாற்ற முடியுமா? சிங்கப்பூர் முயன்று பார்த்திருக்கிறது.

அங்கு 1964-ல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் மூண்டது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகள் கட்டி எல்லா இனத்தவரையும் குடியேற்றியது. ஆனால் வீடுகள் கைமாறத் தொடங்கியதும் அவரவர் இனத்தார் மீண்டும் ஓரிடத்தில் கூடினர். பிடோக்கில் மலாய்க்காரர் பெருகினர். ஹவ்காங்கில் சீனர் பெருகினர். எனவே 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போது அத்துறையின் அமைச்சராக இருந்தவர் தமிழரான எஸ். தனபாலன்.

கணக்கு எளியது. ஒரு கட்டடத்தில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25 சதவீதம், இந்தியரும் பிறரும் 15 சதவீதம் வரை இருக்கலாம். (கடைசி எண் 2010 வரை 13 ஆக இருந்தது.) கூட்டினால் 127 வருகிறதே என்று கேட்கலாம். இவை ஒதுக்கீடு அல்ல, உச்சவரம்பு. வரம்பை எட்டிய கட்டடத்தில் சீனர் தம் வீட்டைச் சீனருக்கு விற்கலாம், ஏனெனில் விகிதம் மாறாது. இந்தியர் சீனருக்கு விற்க இயலாது.

சங்கடமும் இங்கேதான். வாங்குவோரில் பெரும்பாலோர் சீனர். ஆகவே அத்தகைய கட்டடத்தில் சிறுபான்மையினர் தம் வீட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளவோ, மாதக்கணக்கில் காத்திருக்கவோ நேர்ந்தது. நல்ல நோக்கத்தின் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. மெய்யாகவே விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளலாம் என்று 2022-ல்தான் அறிவித்தார்கள்.

நம் நாட்டில் இதை அப்படியே நடத்த முடியாது. அங்கே பெரும்பாலான வீடுகள் அரசு கட்டியவை, இங்கே தனியாருடையவை. தவிர, ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் சமயத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் விதி செல்லும் என்று, அகமதாபாத் பார்சி சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அரசு கட்டும் வீடுகளில் வழி உண்டு. ரயில்வே குடியிருப்பில் பதவியும் வரிசையும் பார்த்துத்தான் வீடு. மொழி பார்ப்பதில்லை. அதனால்தான் வங்காளி வீட்டு மீன் குழம்பு வாசனையும் நம் வீட்டுச் சாம்பார் வாசனையும் ஒரே மாடிப்படியில் கலந்தன. வீட்டு வாரியங்களும் குலுக்கல் முறையில் ஒதுக்கி, குடிசை மாற்று வீடுகளை ஊருக்கு வெளியே குவிக்காமல் நகரெங்கும் பரவலாகக் கட்டினால் பாதி வேலை முடியும்.

மீதிப் பாதி நம் கையில். "தமிழருக்கு மட்டும்" என்று வீட்டு வாசலில் பலகை தொங்கவிட்டுக்கொண்டு, அடுத்தவர் பலகையைக் குறை சொல்ல நமக்கு ஏது உரிமை?