எல்லை தாண்டிய இளவரசர்!

அவர் ஒரு இளவரசர். வயது 43. அன்பான மனைவி. 2 பெண் குழந்தைகள். ஒரு குறையும் இல்லை. ஆனால், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் போயிற்று!

அவர் பெயர் பிரிசோ. நெதர்லாந்து நாட்டு ராணியாக இருந்த பியாட்ரிக்சின் 2-வது மகன்.

ஆஸ்திரியா நாட்டில் லெக் என்று ஒரு மலை ஊர் உண்டு. குளிர் காலத்தில் எங்கு பார்த்தாலும் பனி. கால்களில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு, மலை மேல் இருந்து சர்ரென்று வழுக்கி வருவார்கள். இதற்குப் பனிச்சறுக்கு என்று பெயர். ராணியின் குடும்பத்தினர் ஆண்டுதோறும் அங்கு போவது வழக்கம்.

எல்லைக் கம்பம்

சறுக்குவதற்குத் தனிப் பாதைகள் உண்டு. ஓரத்தில் கம்பங்கள் நட்டு இருப்பார்கள். பனி சரியும் என்று தெரிந்தால், முன்கூட்டியே வெடி வைத்து அதைச் சரித்து விடுவார்கள். இல்லாவிட்டால் பாதையை மூடி விடுவார்கள்.

கம்பத்துக்கு அப்பால் காவல் இல்லை. ஆனால், யார் காலும் படாத புதுப் பனி பஞ்சு மெத்தை போலக் கிடக்கும். அதுதான் ஆளை இழுக்கிறது!

2012-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளாகச் சொல்வார்கள். அன்று 4-வது படி எச்சரிக்கை! ஆனாலும் இளவரசரும் அவருடைய நண்பர் ஒருவரும் எல்லைக்கு வெளியே சறுக்கினார்கள்.

திடீரென்று பனி சரிந்தது. நண்பரின் முதுகில் காற்றுப் பை இருந்தது. அவர் தப்பினார். இளவரசர் புதைந்து போனார்.

அவரிடம் ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவி இருந்தது. அதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சுமார் 25 நிமிடம் ஆகிவிட்டது. மூச்சு இல்லை! சுமார் 50 நிமிடம் போராடி இதயத்தைத் துடிக்க வைத்தார்கள். ஆனால், காற்று இல்லாமல் மூளை கெட்டுவிட்டது. ஒன்றரை ஆண்டு படுத்த படுக்கை. 2013 ஆகஸ்டு 12-ந் தேதி இறந்தார்.

ஏன் சரிகிறது?

பனி அடுக்கு அடுக்காகப் படிகிறது. மேல் அடுக்கு பாளமாக இறுகி இருக்கும். அடியில் உள்ள அடுக்கு சில சமயம் சர்க்கரை போலப் பிடிப்பு இல்லாமல் இருக்கும். ஒரு ஆளின் பாரம் போதும். பாளம் உடைந்து பாயும். பெரும்பாலும், சிக்கியவரோ அவருடன் போனவரோதான் அந்தப் பனியைக் கிளப்பி விட்டவர்!

ஓடி நின்றதும் பனி சிமெண்டு போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பலர் பிழைப்பார்கள். அரை மணி கடந்தால் பிழைப்பவர் சிலரே.

பந்தய வீரர்

பனி சரியாவிட்டாலும் ஆபத்து உண்டு. கார் பந்தயத்தில் 7 முறை உலக வீரரானவர் மைக்கேல் சூமாக்கர். 2013 டிசம்பர் 29-ந் தேதி, பிரான்சில் மெரிபெல் என்ற இடத்தில் சறுக்கினார். பாதையை விட்டுச் சில மீட்டர்தான் விலகினார். அங்கே பனிக்கு அடியில் பாறை! விழுந்ததில் தலை பாறையில் மோதியது. தலைக்கவசம் அணிந்து இருந்தும் மூளையில் பலத்த காயம். பல மாதங்கள் நினைவு இல்லாமல் கிடந்தார்.

இளவரசரிடம் கருவி இருந்தது. வீரரிடம் தலைக்கவசம் இருந்தது. இரண்டும் போதவில்லை. கம்பத்தை நட்டவர்கள் யாருடைய இன்பத்தையும் கெடுக்க நடவில்லை. வீட்டில் காத்து இருக்கும் குழந்தைகளிடம் அப்பா திரும்பி வரவேண்டும் என்றுதான் நட்டார்கள்.